நான்காம் பாரத்துச் சிரிப்பு

1

போன செவ்வாய்க்கிழமை எங்கள் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். நாங்கள் ஆசிரியர் வேலைக்காக எத்தியோப்பியாவுக்கு வந்து இந்த மாதத்தோடு ஆறு வருடம் ஆகிறது. வருடாவருடம் அதே அலுவலகம், அதே நீளப் பெஞ்சு, அதே மூன்று பிரதிகள். குமாஸ்தா மட்டும் இந்த முறை புதியவர், சின்னப் பையன் போல இருந்தார்.

"எந்த வருடம் வந்தீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"1957."

எழுதப் போனவர் பேனாவைத் தூக்கிக்கொண்டார். என்னையும் சுவரில் தொங்கிய காலண்டரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "அம்மணி, இப்போது 1955தான் நடக்கிறது. நீங்கள் இன்னும் வரவே இல்லை."

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த நாட்டுக் காலண்டர் உங்கள் காலண்டருக்கு ஏழெட்டு வருடம் பின்னால் வருகிறது. மாதம் பதின்மூன்று. கடிகாரமும் வேறு கணக்கு. சூரியன் உதித்து ஒரு மணி நேரம் ஆனால் மணி ஒன்று. வந்த புதிதில் பள்ளிக்கூடம் இரண்டு மணிக்கு என்றார்கள். நானும் என் கணவரும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். அவர்கள் சொன்னது காலை எட்டு மணி.

எங்கள் மகள் செல்விக்கு இதெல்லாம் குழப்பமே இல்லை. இந்த தெஸ்ஸே மலையூரில் பிறந்தவள், ஐந்து வயது. எதற்கும் "சரி" என்று சொல்லத் தெரியாது. "இஷி" என்பாள். அனுமதிச் சீட்டில் குத்திய 1955 முத்திரையைக் காட்டி, "இந்த வருஷத்தில் அம்மா உத்திரமேரூரில் இருந்தேன்" என்றேன். "உத்திரமேரூர் சந்தைக்கு அந்தப் பக்கமா?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம்தான். ஆனால் அவளிடம் சொல்ல முடியாத ஒரு கதை அந்த வருடத்தில் இருக்கிறது. உங்களிடம் சொல்லலாம்.

2

நான் ராஜகுளத்துப் பெண். அப்பா பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். மிஷன் பள்ளியில் படித்து, சென்னையில் ஆசிரியப் பயிற்சி முடித்தேன். உத்திரமேரூர்ப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் முதல் வேலை கிடைத்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. பள்ளியின் பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை.

ஆசிரியர்களில் நான் ஒருத்திதான் பெண். ஆகையால் நான்காம் பாரத்துக்கு ஆங்கிலமும் சரித்திரமும் நடத்துவதோடு, பள்ளியில் பெண்பிள்ளைகள் சம்பந்தப்பட்ட எதுவானாலும் அது என் இலாகா. பாவாடை கிழிந்தாலும் நான்தான், தலைவலி என்றாலும் நான்தான். நான்காம் பாரம் என்பது இப்போதைய ஒன்பதாம் வகுப்பு. அதில் பெண்கள் பதின்மூன்று பேர். ஐந்தாம் பாரத்தில் நான்கு. ஆறாம் பாரத்தில் ஒருத்தி. நடுவில் மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரம். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் காலமாகிவிட்டார் என்று காலைப் பிரார்த்தனையில் ஹெட்மாஸ்டர் அறிவித்து, இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கச் சொன்னார். நானூறு பிள்ளைகளும் நின்றார்கள். அரை நிமிடம் ஆகியிருக்கும். பெண்கள் வரிசையிலிருந்து 'க்ளுக்' என்று ஒரு சத்தம்.

பூங்காவனம். திருப்புலிவனத்திலிருந்து வரும் பெண். அவள் அப்பா கோதண்டம், அந்த ஊரில் நிறைய நிலம் உள்ளவர். அமைதியான பெண், கணக்கில் பையன்களையெல்லாம் பின்னால் தள்ளுபவள். வாயில் தாவணியைத் திணித்துக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற லூர்துமேரி சிரித்தாள். பிறகு அடுத்தவள். மௌன அஞ்சலி முடிவதற்குள் ஒன்பது பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மிஸ் கிரேஸ்!" என்றார் ஹெட்மாஸ்டர். அந்த கிரேஸ் நான்தான்.

3

மறுநாள் பூகோள வகுப்பில் சிரித்தார்கள். அதற்கு மறுநாள் கணக்கு வகுப்பில். எரிமலை என்றால் சிரிப்பு, வட்டி என்றால் சிரிப்பு. ஒருத்தி ஆரம்பித்தால் ஒன்பது பேரும். கால் மணி நேரம் போகும். கண்ணில் நீர் வழியும், விக்கல் எடுக்கும், முடிவில் பெஞ்சின்மேல் தலையைச் சாய்த்துத் துவண்டு கிடப்பார்கள்.

கிண்டல் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எந்த ஆசிரியருக்கும் தெரியும். கிண்டல் செய்பவளின் கண் நம்மேல் இருக்கும். இந்தப் பெண்களின் கண் எங்கள்மேல் இல்லை. ஒருத்தி இன்னொருத்தியைப் பார்ப்பாள், உடனே பார்வையை விலக்குவாள், அவ்வளவுதான், பீறிக்கொண்டு வரும். அது சந்தோஷச் சிரிப்பு இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. என்ன சிரிப்பு என்று தெரியவில்லை.

ஆளுக்கு ஒரு வைத்தியம். தமிழ்ப் பண்டிதர் விபூதி மந்திரித்துக் கொடுத்தார். டிரில் மாஸ்டர் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடச் சொன்னார். சிரித்துக்கொண்டே ஓடினார்கள், அதைப் பார்த்து ஐந்தாம் பாரத்துப் பையன்கள் சிரித்தார்கள். ஒன்பது பேரையும் டாக்டரிடம் அழைத்துப் போனேன். "நாக்கை நீட்டு" என்றார் அவர். நாக்கை நீட்டிக்கொண்டு சிரிப்பவர்களை அவர் முன்பின் பார்த்திருக்க மாட்டார். பொறுமையாக எல்லோரையும் சோதித்துவிட்டு, நோய் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். நோய் இல்லை என்பதில் எனக்கு நிம்மதி. ஹெட்மாஸ்டருக்கோ அதுவே பிரச்சினையாகப் போயிற்று.

அவர் ஒரு பெரிய பதிவேட்டைத் திறந்து காட்டினார். "மிஸ் கிரேஸ், இதில் இரண்டே பகுதிதான் இருக்கிறது. நோய் என்றால் குணமாகும்வரை பள்ளிக்கு வரக்கூடாது. நோய் இல்லை என்றால் அது ஒழுங்கீனம். ஆரம்பித்து வைத்த பெண்ணுக்கு டி.சி. கொடுக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வரும்போது இந்தக் 'காரணம்' என்கிற கட்டம் காலியாக இருக்கக் கூடாது."

"இரண்டும் இல்லாமல் வேறு ஏதாவது இருக்கலாம், சார்."

"இருக்கலாம். எங்கே எழுதுவது?"

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பயிற்சிக் கல்லூரியில் எனக்கு உளநூல் ஒரு பாடம். வளரும் பருவம் பற்றி ஓர் அத்தியாயம் முழுவதும் நெட்டுரு போட்டிருந்தேன். அதில் எந்த வரியும் இந்த ஒன்பது பெண்களுக்குப் பொருந்தவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டு வாங்கினேன்.

4

தனியாகப் பேசிப் பார்க்கலாம் என்றால் பேச இடம் இல்லை. ஆசிரியர் அறையில் எட்டு ஆண்கள். மரத்தடியில் உட்கார்ந்தால் பையன்கள் கூடிவிடுவார்கள். கடைசியில் விஞ்ஞான அறையைச் சாயங்காலம் அரை மணி நேரம் கொடுத்தார்கள். அலமாரி மேல் ஒரு கண்ணாடி ஜாடியில் பாம்பு ஒன்று ஊறிக்கொண்டிருக்கும் அறை.

ஒவ்வொருத்தியாக அழைத்தேன். "பூங்காவனத்துக்கு என்னம்மா ஆச்சு, சும்மா சொல்லு" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல டீச்சர்." எல்லோரும் அதே பதில். நாலாவது பெண்ணும் அதையே சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஐந்தாவதாக வந்தவள் லூர்துமேரி. எங்கள் சனம், அவள் அப்பா அம்மா இருவரும் பூங்காவனம் வீட்டு நிலத்தில் வேலை செய்பவர்கள். கெட்டிக்காரி, வாய்த்துடுக்கு. அவள் உட்காரவே இல்லை.

"ஏன் நிற்கிறாய்? பூங்காவனத்துக்கு என்ன இருந்தாலும் என்னிடம் சொல்லலாம். இங்கே வேறு யாரும் இல்லை."

அவள் மெல்ல அலமாரியைக் காட்டினாள். "அது பாத்துக்கினு கீதே டீச்சர்."

திரும்பிப் பார்த்தேன். பாம்பு நிஜமாகவே எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வாரத்துக் களைப்பு, ஹெட்மாஸ்டரின் காலிக் கட்டம், டிரில் மாஸ்டரின் பத்துச் சுற்று எல்லாம் சேர்ந்து நிறுத்த முடியாமல் வந்தது. நாற்காலியிலிருந்து சறுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் நீர் கொட்டியது.

லூர்து அலறிக்கொண்டு வெளியே ஓடினாள். "அய்யோ, டீச்சருக்கும் வந்துடிச்சிடி!"

எட்டுப் பெண்களும் ஓடி வந்தார்கள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள், ஒருத்தி நோட்டுப் புத்தகத்தால் விசிறினாள். அவர்களில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. முகங்களெல்லாம் வெளுத்திருந்தன. லூர்து பூங்காவனத்தின் கையைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லிட்லாம்டி. டீச்சர் பாவம்."

பூங்காவனம் என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். பாவாடை ஓரத்தைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "தீவாளிக்கு மறு வாரமே நான் பெரிய மனுசி ஆய்ட்டேன் டீச்சர். வூட்ல சொல்லல. நைனாவுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே குந்த வெச்சிடுவாரு. அக்காவ அப்டித்தான் மூணாம் பாரத்துல நிறுத்துனாங்க. மாமா சீரு எட்த்துக்கினு வந்தாரு. ஆறே மாசத்துல கண்ணாலம்."

மூன்று மாதம். எட்டுப் பெண்கள் சேர்ந்து மூன்று மாதம் அதை மறைத்திருக்கிறார்கள். ஒருத்தி காவல் நிற்பாள். ஒருத்தி தன் மாற்றுப் பாவாடையைப் பையில் போட்டுக்கொண்டு வருவாள். துணியைத் துவைத்து உலர்த்திக் கொண்டுவந்து கொடுப்பது லூர்து. யாராவது ஒருவர் கண்ணில் பட்டாலும் எல்லாம் முடிந்தது. அன்றைய மௌன அஞ்சலியின்போது பூங்காவனத்துக்கு வயிற்று வலி எடுத்திருக்கிறது. இப்போது இங்கே தெரிந்துவிட்டால் என்று நினைத்திருக்கிறாள். அழுகை வரும் என்று பார்த்தால் சிரிப்பு வந்திருக்கிறது.

"எங்க நைனா, அம்மா ரெண்டு பேரும் அவுங்க நெலத்துலதான் டீச்சர்" என்றாள் லூர்து. "நான்தான் தோச்சிக் குட்த்தேன்னு தெரிஞ்சா எங்கள ஊர வுட்டே தொரத்திடுவாங்க."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. காரணத்தை எழுதினால் பூங்காவனத்தின் படிப்பு போகும். எழுதாவிட்டால் டி.சி. வரும், அப்போதும் படிப்பு போகும்.

5

சனிக்கிழமை திருப்புலிவனத்துக்கு நடந்தேன். இரண்டு மைல். என்ன சொல்வது என்று தெரியாமலே போனேன்.

கோதண்டம் வீட்டில் வாசலில் நாற்காலி போட்டார்கள். உள்ளே அழைக்கவில்லை. நான் யார் வீட்டுப் பெண் என்பது எனக்கு முன்பே அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் களத்துமேட்டுக்குப் போயிருந்தார். அவர் மனைவி கன்னியம்மா வெளியே வந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பின்னால வா டீச்சரு, மொளகா காயப் போட்டுக்கினு கீறேன்" என்று வீட்டைச் சுற்றிக் கொல்லைப்புறம் அழைத்துப் போனார்.

அம்மா, உங்கள் பெண் நன்றாகப் படிக்கிறாள் என்று ஆரம்பித்தேன். பள்ளியில் இந்த மாதிரிச் சிரிக்கிறார்கள் என்றேன். வயதுக்கே உரிய சில சங்கடங்கள் என்று இழுத்தேன். கன்னியம்மா மிளகாயைத் துழாவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நான் தடுமாறி நின்றதும், தலையைத் தூக்காமல் சொன்னார்:

"எனுக்குத் தெரியும் டீச்சரு."

"எது தெரியும்?"

"எல்லாந்தான். பெத்தவளுக்குத் தெரியாமப் போவுமா? தீவாளிலருந்து தெரியும். பொட்டிலருந்து பழைய பொடவை ரெண்டு காணாமப் போச்சி. நானா இன்னும் ரெண்ட மேலாப்புல எட்த்து வெச்சேன். அதுவும் காணாமப் போச்சி."

"பின்னே ஏன் அவளிடம் சொல்லவில்லை?"

"எப்டிச் சொல்றது? நான் கேட்டுட்டேன்னா அப்றம் தெரிஞ்சதாப் பூடும். தெரிஞ்சிதுன்னா அவருகிட்டச் சொல்லியாவணும். சொன்னா எங்க அண்ணன் சீரத் தூக்கிக்கினு ஓடியாந்துடுவாரு. பெரியவ பதினஞ்சி வயசுல புள்ளயத் தூக்கிக்கினு நிக்கறா. அவளும் நல்லாத்தான் படிச்சா." மிளகாயிலிருந்து கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டார். "இதுவாச்சும் படிக்கட்டும்னு வாய மூடிக்கினு கீறேன்."

அப்பாவுக்குப் பயந்து மகள் அம்மாவிடம் மறைக்கிறாள். மகளுக்காக அம்மா மறைக்கிறார். ஒரே வீட்டில் இருவரும் மூன்று மாதமாக ஒன்றும் தெரியாததுபோல் சோறு போட்டு, சோறு சாப்பிட்டிருக்கிறார்கள்.

டி.சி. கொடுக்கப் போகிறார்கள் என்று சொன்னேன். அவர் பயப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"இன்னாது, இஸ்கூல்ல வாணாம்னு சொல்றாங்களா? காயிதத்துல எழுதிக் குடுப்பாங்களா?"

"கொடுப்பார்கள். ஆனால்…"

"குடுக்கச் சொல்லு டீச்சரு. அவரு பேருக்கே வரட்டும். எங்க வூட்டுக்காரரப் பத்தி உனுக்குத் தெரியாது. அவரா நிறுத்துனா நிறுத்துவாரு. அடுத்தவன் நிறுத்தறேன்னா வுட மாட்டாரு. ஒரு வாட்டி அவரு வாயால நாலு பேரு எதுருல படிக்கும்னு சொல்லட்டும். அப்றம் எங்க அண்ணன் இல்ல, யாரு வந்து கேட்டாலும் மாத்திப் பேச மாட்டாரு."

"அவர் 'நல்லதாப் போச்சு, வீட்டிலேயே இருக்கட்டும்' என்று சொல்லிவிட்டால்?"

கன்னியம்மா இன்னொரு பிடி மிளகாயைப் பரப்பினார். "சொல்லிட்டா என் தலயெழுத்து" என்றார். பிறகு கண்ணில் குறும்போடு, "சொல்ல மாட்டாரு" என்றார்.

6

திங்கட்கிழமை ஹெட்மாஸ்டரிடம் போய், காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை, நீங்கள் எழுதலாம் என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். வாங்கிய தவணையில் இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது. எழுதினார். நல்ல ஆங்கிலத்தில், கீழே தமிழில் விளக்கத்தோடு. இடைவிடாத சிரிப்பின் காரணமாகத் தங்கள் குமாரத்தி பூங்காவனத்தைப் பள்ளியிலிருந்து நீக்க உத்தேசித்திருக்கிறோம், ஆட்சேபணை இருந்தால் மூன்று தினங்களுக்குள் நேரில் தெரிவிக்கவும்.

கடிதம் போனது. செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று. பூங்காவனம் பள்ளிக்கு வரவில்லை. ஒரு பெண்ணின் எதிர்காலத்தை மிளகாய் காய்ந்த கொல்லையில் வைத்துப் பணயம் கட்டிவிட்டேனே என்று இருந்தது.

வியாழக்கிழமை முதல் மணி அடித்ததும் கோதண்டம் வந்தார். சலவை வேட்டி, மேலே சட்டை, அதன் மேல் துண்டு. பின்னால் ஊர்க்காரர்கள் நான்கு பேர். அவர்களுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு பூங்காவனம். ஹெட்மாஸ்டர் அறைக்கு என்னையும் கூப்பிட்டார்கள்.

"இன்னா சார் இது?" என்று கடிதத்தை மேசைமேல் வைத்தார். "எம் பொண்ணு திருடிச்சா?"

"இல்லை."

"பொய் சொல்லிச்சா? பரிச்சைல பெயிலாச்சா?"

"கணக்கில் அவள்தான் முதல். விஷயம் என்னவென்றால்…"

"சிரிச்சிது. அவ்ளோதானே? பசங்க வாத்தியாருங்க மேல சாக்குக்கட்டி அடிக்கிறானுங்க. அவுனுங்க படிப்பானுங்க. எம் பொண்ணு சிரிச்சா வெளிய போவணுமா? நாளைக்கு ஊரு இன்னா சொல்லும்? கோதண்டம் பொண்ண இஸ்கூல்ல தொரத்திட்டாங்கன்னு சொல்லாதா?" அவர் குரல் மூன்று வகுப்பு தள்ளிக் கேட்டிருக்கும். "எய்திக்க சார். ஆறாம் பாரம் முடிக்காத எம் பொண்ணு இந்த இஸ்கூல வுட்டு நவுராது. பெரிய பரிச்சைல பாஸாயித்தான் வெளிய வரும். இவுங்க நாலு பேரும் சாட்சி."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு வந்த சிரிப்பு அந்தச் சமயத்தில் வெளியே தெரிந்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும்.

ஹெட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் பெண்பிள்ளைகள் உண்டு. "ஆறாம் பாரம் வரைக்குமா?" என்று ஒரு முறை கேட்டார். "ஆறாம் பாரம்" என்றார் கோதண்டம். ஹெட்மாஸ்டர் கடிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

7

அன்று மத்தியானம் பூங்காவனத்தை மட்டும் தனியாக அழைத்தேன். உங்கள் அம்மாவுக்குத் தீபாவளியிலிருந்தே தெரியும் என்றேன். மேலாகப் புடவைகளை எடுத்து வைத்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. என் மேசையில் முகத்தை வைத்துக்கொண்டு அந்தப் பாடவேளை முழுவதும் அழுதாள். நான் திருத்த வேண்டிய நோட்டுகளைத் திருத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்வது என்று எந்த அத்தியாயத்திலும் எழுதியிருக்கவில்லை.

சிரிப்பு ஒரே நாளில் நிற்கவில்லை. ஒன்பது ஐந்தாயிற்று, ஐந்து இரண்டாயிற்று. கடைசி இருவர் வெறும் பழக்கதோஷத்தில் பத்து நாள் ஓட்டினார்கள். 'காரணம்' என்ற கட்டத்தில் நான் எழுதியது: "விசாரிக்கப்பட்டது. தற்போது இல்லை." இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்.

கோடை விடுமுறையில், மே மாதம் ஒரு நல்ல நாளில், பூங்காவனம் ஊரறியப் பெரிய மனுஷி ஆனாள். கன்னியம்மா நாள் பார்த்து வைத்திருந்தார். மாமன் சீர் கொண்டுவந்து கல்யாணப் பேச்சை எடுத்தாராம். பெரிய பரீட்சை முடியட்டும், நாலு பேர் எதிரில் சொல்லிவிட்டேன் என்றாராம் கோதண்டம்.

8

இந்தக் கதையை இங்கே நிறுத்தினால் என்னைப் பற்றி உங்களுக்கு நல்ல அபிப்பிராயம் ஏற்படும். ஆனால் ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது லூர்துமேரி வரவில்லை.

நான் அதைக் கவனித்தேன். ஆனால் மூன்று வாரம் விசாரிக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன். எங்கள் சனத்துப் பெண் என்பதால் அவளிடம் நான் எப்போதுமே ஓரடி தள்ளித்தான் நின்றேன். கிரேஸ் டீச்சர் தன் ஆட்களைத் தாங்குகிறாள் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று எனக்குப் பயம்.

நான்காவது வாரம் தேடிப் போனேன். முழங்கால் சேற்றில் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வரப்பில் ஏறி வந்தாள்.

"அம்மாவுக்கு முடியல டீச்சர். தம்பி கைக்கொயந்த. பொங்கலுக்கே சொல்லிட்டாங்க, இந்த வருசத்தோட நீ நின்னுக்கோன்னு."

"பொங்கலுக்கேவா? விஞ்ஞான அறையில் ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

அவள் கோபப்படவில்லை. கையிலிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நீங்க எல்லாரையும் பூங்காவனத்தப் பத்தித்தானே கேட்டீங்க."

அன்று சிரித்த ஒன்பது பேரில் ஒருத்திக்கு மட்டும்தான் காரணம் இருந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மற்ற ஏழு பேருடைய காரணங்கள் எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த வருடம் லூர்துவைத் திரும்பப் பள்ளியில் சேர்க்க முடியவில்லை. சேர்க்கைத் தேதி முடிந்திருந்தது; வீட்டிலும் அவள் கை தேவைப்பட்டது. ஆனால் நான் எழுதுவதை நிறுத்தவில்லை. ஆறு மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கு எழுதினேன். ஒன்றிலிருந்து பதில் வந்தது. பதினேழு வயது முடிந்ததும் மருத்துவச்சிப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கிறோம், நான்காம் பாரம் போதும் என்றார்கள். நான் கப்பல் ஏறிய பிறகுதான் அவள் அதில் சேர்ந்தாள்.

இப்போது எனக்கு மாதம் ஒரு கடிதம் போடுகிறாள். கடைசிக் கடிதத்தை அப்படியே தருகிறேன். "டீச்சருக்கு, நலம். போன வாரம் பூங்காவனத்துக்குப் பெண் குழந்தை. நான்தான் பார்த்தேன். ரொம்பக் கத்தினாள். கத்தாதேடி, உங்க நைனாவுக்குக் கேக்கும்னு சொன்னேன். அவர் வெளியேதான் உட்கார்ந்திருந்தார், கேட்டுவிட்டது. குழந்தையைக் கையில் வாங்கினதும் அவர் என்ன சொன்னார் தெரியுமா? இது எத்தினியாவது வரைக்கும் படிக்கும்னு என்னைக் கேட்டார் டீச்சர்."

9

சீட்டில் 1955 முத்திரையோடு வந்த மறுநாள் இங்கே எங்கள் பள்ளி இயக்குநரைப் போய்ப் பார்த்தேன். வாரத்தில் ஒரு மணி நேரம், பெண்கள் வந்து பேச ஓர் அறை வேண்டும் என்றேன். எதைப் பற்றி என்று கேட்டார். தெரியாது, அவர்கள் வந்து சொன்னால்தான் தெரியும் என்றேன். அதை எப்படி அமைச்சகத்துக்கு எழுதுவது என்றார். உலகத்தில் எல்லா ஹெட்மாஸ்டர்களும் ஒருவரே என்று தோன்றியது. முடிவில் நூலகத்துக்குப் பின்னால் விறகு அடுக்கும் அறையை வெள்ளிக்கிழமை கடைசி மணிக்குக் கொடுத்தார்.

நேற்றுதான் முதல் வெள்ளி. அரை மணி நேரம் யாரும் வரவில்லை. நான் குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு விறகுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு ஹிருத் என்ற பெண் கதவைத் தட்டினாள். பதினைந்து வயது, நல்ல உயரம். தன் சிநேகிதிக்காக வந்திருப்பதாகச் சொன்னாள். அந்தச் சிநேகிதிக்குப் பரீட்சை நெருங்க நெருங்கத் தூக்கம் வருவதில்லையாம், சாப்பிட்டால் வெளியே வந்துவிடுகிறதாம். ஆங்கிலமும் அம்ஹாரிக்கும் கலந்து கால் மணி நேரம் சொன்னாள். அந்தப் பெண்ணை அடுத்த வாரம் அழைத்து வரச் சொன்னேன். ஹிருத் நன்றி சொல்லிவிட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு எழுந்து வாசல் வரை போனாள்.

"அந்தெஸ்?" என்றேன்.

'நீ எப்படி?' என்று கேட்கத்தான் நினைத்தேன். ஆனால் இந்த மொழியில் ஆணுக்கு ஒரு 'நீ', பெண்ணுக்கு ஒரு 'நீ'. ஆறு வருடத்துக்குப் பிறகும் எனக்கு அது மாறிப் போகிறது. நான் கேட்டது ஆண்பிள்ளையைக் கேட்கும் கேள்வி.

அவள் கதவில் கை வைத்தபடி திரும்பினாள். "அஞ்சிஸ்" என்று திருத்தினாள். "பெண்ணிடம் கேட்டால் அஞ்சிஸ், டீச்சர்."

"அஞ்சிஸ்?" என்றேன் மறுபடியும்.

ஹிருத் கதவைச் சாத்தினாள். புத்தகங்களை விறகின்மேல் வைத்துவிட்டு, திரும்ப வந்து உட்கார்ந்தாள்.